வெயிலுமுத்துவோட குரல்

உக்காருங்க, உக்காருங்க. அண்ணாச்சி, நீங்க அந்த ஸ்பீக்கர் பெட்டி மேல உக்காருங்க. அது ஒண்ணும் ஆகாது, உங்கள விட வெயிட்டானதெல்லாம் தாங்கிருக்கு. தம்பி, கண்ணாடி போட்ட தம்பி, நீரு அந்த வயர்ச் சுருள் மேல உக்காரும். கரண்டே இல்லய்யா, எதுக்கு அப்படி எட்டி நிக்கீரு? மழை விடுத வரைக்கும் யாரும் எங்கயும் போகப் போறதில்ல. பைக்க எடுத்தீயன்னா ரோட்டு முக்கு திரும்புததுக்குள்ள நனைஞ்ச கோழியாப் போயிருவீய. டீ சொல்லியாச்சு. இப்பம் பேச்ச நிப்பாட்டுங்க. ஆளாளுக்குப் பேசுனா எப்படி? இங்கன ஒருத்தன் பேச்ச வச்சுத்தான் கஞ்சி குடிக்கான். அவன் பொழப்புல மண்ணள்ளிப் போடாதீய.

அந்தா, மூலையில பல்பு மாத்திக்கிட்டிருக்கது எந்தம்பி பொண்டாட்டி, சண்முகக்கனி. அதப் பத்திக் கவலைப்படாதீய, அது பேசாது. என் முன்னால பேசவே பேசாது. நான் மூத்தவம்லா, எங்க வீட்டு வழக்கம் அப்படி. எதுவும் கேக்கணும்னா எம்பொண்டாட்டிகிட்ட சொல்லும், அவ வந்து எங்கிட்ட சொல்லுவா. எம்பொண்டாட்டி இப்பம் மக பேறுகாலத்துக்குத் திருப்பூர் போயிட்டா. அதனால இந்தக் குடோன்ல இருக்கது ரெண்டு பேரு, சத்தம் மட்டும் ஒருத்தன் சத்தம்.

சரி, நீங்க கேட்டதுக்கு வாறேன். அம்மன் கொடைத் திருவிழாவுக்கு மைக் செட்டு வேணும். சரி. சீரியல் லைட்டு வேணும். சரி. நான் பந்தல்ல நின்னு பல குரல்ல பேசணும். அதுவும் சரி, அது நீங்க கேக்கலைன்னாலும் பேசுவேன். அதுக்கு மேல ஒண்ணு கேட்டீயல்லா? "ஏவே மந்திரம், ஊர்ல உள்ள குரல் பூராம் பேசுதீரு. உம்ம தம்பி குரல்ல நாலு வார்த்தை பேசி லைட்டுக்கு சுவிட்சப் போடும். அவன மாதிரி லைட்டு செய்ய எவன் இருக்கான்? அவன் குரலையாச்சும் எங்க ஊர் கேட்டுக்கிடட்டும்." ம்ஹ்ம்.

பாத்தீயளா, அண்ணாச்சி குரல் வந்துட்டு. கடைசியில அந்த மூக்கு உறிஞ்சுதது வரைக்கும் வந்துட்டு. சிரிக்காதீயப்பா, கோவிச்சுக்கிடப் போறாரு.

ஆனா எந்தம்பி குரல் எனக்கு வராது. அதான் நான் மொதல்லயே தலைய ஆட்டுனேன். நீங்க வேற ரேட்டுப் பேசுதேன்னு நினைச்சுட்டீய. ரேட்டு இல்லய்யா. வரமாட்டேங்கு. உங்களுக்காகவா நான் முயற்சி பண்ணணும்? எனக்கே வேணும் அது. அவன் போனதுலருந்து எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான். ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி அவன் சத்தம் காதுல விழுந்தாப் போதும்னு கிடந்து தவிக்கேன். வெளிய வேற எங்கயும் அது இல்ல. எந்தொண்டையிலதான் இருக்கணும். இங்கயும் இல்லன்னா எங்க போய்த் தேட?

எல்லாம் வரும் எனக்கு. சங்கரன்கோவில் பஸ்ஸு கண்டக்டர் வருவாரு: "உள்ள போ உள்ள போ உள்ள போ, உள்ள எடம் ரயில் ஓடுத அளவுக்குக் கிடக்கு!" எங்க பள்ளிக்கூடத்து சார் வருவாரு. நான் அஞ்சாங் கிளாஸோட சரி, அதுலயும் கடைசி பெஞ்சு, படிச்சது ஒண்ணும் ஏறல, சாருதான் ஏறுனாரு. ஜெனரேட்டர் வரும். குக்கர் வரும். பொம்பளைக சண்டை ரெண்டு பக்கமும் நானே பேசுவேன். உங்க ஊர்ல போன தடவை ஆடு ஒண்ணு என் சத்தத்தக் கேட்டு பந்தலுக்குள்ள வந்துட்டுல்லா, அண்ணாச்சி? குட்டி கத்துதுன்னு நினைச்சு வந்துட்டு. பாவம், பாலு கட்டிட்டு நின்னுச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு.

தொழில் ரகசியம் சொல்லுதேன், யாருகிட்டயும் சொல்லாதீய. ஒருத்தன் குரலப் பிடிக்கணும்னா அவன் எப்படித் தொடங்குதான்னு பாக்கக் கூடாது. தொடங்குதது எல்லாருக்கும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். எப்படி முடிக்கான்னு பாக்கணும். கண்டக்டரு கடைசி எழுத்த முழுங்குவாரு. சாரு முடிக்குத எடத்துல எச்சி முழுங்குவாரு. அண்ணாச்சி மூக்க உறிஞ்சுவாரு. முடிக்குத எடத்துலதான் ஆளு உக்காந்திருப்பான். அந்த எடத்தப் பிடிச்சுட்டேன்னா மிச்சம் தானா வந்துரும்.

எங்க தொழில்ல இன்னொரு சட்டம் இருக்கு. சத்தம் நிக்கக் கூடாது. கொடைக்குப் பந்தக்கால் நாட்டுனதுலருந்து பந்தல் பிரிக்குத வரைக்கும் ஸ்பீக்கர்க் குழாய் கத்திக்கிட்டே இருக்கணும். பாட்டு ஓடணும், பாட்டு மாத்துத நேரத்துல நான் ஓடணும். கொஞ்சம் நின்னுட்டுன்னு வைங்க, ஊர்ல உள்ளவன் பூராம் ஓடியாருவான். "என்னடே, செட்டு போச்சா? இல்ல, ஊர்ல எதுவும் துட்டியா?" துட்டின்னா மட்டும்தான் நிப்பாட்டுவோம். தெருவுல ஒரு சாவு விழுந்துட்டா சாமியே வந்து ஆடுனாலும் குழாய அணைச்சிருவோம். மத்தபடி பேசிக்கிட்டே இருக்கணும். பழகிட்டு. வீட்லயும் அப்படித்தான். சோத்துத் தட்டு முன்னால நாலு பேரு சும்மா உக்காந்திருந்தா எனக்குத் தொண்டை அரிக்கும். யாரோ செத்த வீடு மாதிரி இருக்கும்.

எந்தம்பி வெயிலுமுத்து எனக்கு ரொம்பச் சின்னவன். அவன் வயித்துல இருக்கும்போதே எங்கய்யா போய்ட்டாரு. எங்கம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போயிரும், நாந்தான் இடுப்புல தூக்கிட்டு அலைவேன். அவன் நாலு வயசு வரைக்கும் பேசல, தெரியுமா? ஊமைன்னே முடிவு கட்டிட்டாவ. நான் விடுவனா? அவனுக்கும் சேத்து நானே பேசுனேன். "வெயிலுக்கு இட்லி வேணுமாம். வெயிலுக்கு எறும்பு கடிச்சிட்டாம். வெயிலுக்குத் தூக்கம் வருதாம்." அவன் கைய நீட்டுததுக்கு முன்னாடியே நான் சொல்லிருவேன். அவ்வளவு புரிஞ்சு வச்சிருந்தேன் அவன. அப்புறம் ஒருநாளு வாயத் திறந்தான். மொத வார்த்தை என்ன தெரியுமா? "அண்ணே." அம்மான்னு சொல்லல அண்ணாச்சி, அண்ணேன்னான். எங்கம்மாவுக்குக் கொஞ்ச நாளு மூஞ்சி சரியில்ல. நான் தெருவெல்லாம் ஓடுனேன். "எந்தம்பி பேசிட்டான், எந்தம்பி பேசிட்டான்!" திரும்பி வந்து பாத்தா அவன் அதே எடத்துல நிக்கான், வாயத் திறந்தபடியே. வேற ஏதோ சொல்ல வந்தான் போல. மறந்துட்டான்.

பேச்சு கம்மி. ஆனா கண்ணு! அந்தக் கண்ணுக்கு ஈடு கிடையாது. நீங்க கோழி தண்ணி குடிக்கதப் பாத்திருக்கீயளா? பாத்திருக்க மாட்டீய. கோழியத் தின்னிருப்பீய. இவன் காலம்பற வெயில்ல குத்த வச்சு, கோழி குனியுததையும் மூக்கால மொள்ளுததையும், அப்புறம் ஆகாசத்தப் பாத்து முழுங்குததையும் பாத்துக்கிட்டே இருப்பான். எம்பொண்டாட்டி, "கொழுந்தனாருக்குக் கோட்டி பிடிச்சிட்டு, கோழியோட பேசுதாவ"ன்னா. பாத்து முடிச்சுட்டு வந்து பலகைய எடுத்தான். ஓட்டை போட்டு, பல்ப சொருகி, பின்னால மோட்டார்ல ஒரு மர உருளைய மாட்டி, அதுல செம்புத் தகடா அடிச்சான். உருளை சுத்தச் சுத்த எந்தத் தகடு எந்தக் கம்பியத் தொடுதோ அந்த பல்பு எரியும். எல்லாரும் அப்படித்தான் செய்வாவ. ஆனா மத்தவன் செஞ்சா லைட்டு ஓடும். இவன் செஞ்சா கோழி குடிக்கும்! குடிச்சிட்டு ஆகாசத்தப் பாக்கும்போது கழுத்துல ஒரு பல்பு மட்டும் பைய உள்ள இறங்கும் பாருங்க... தண்ணி இறங்குது அண்ணாச்சி, தண்ணி! கோயிலுக்கு வந்த கூட்டம் பூராம் சாமிக்கு முதுகக் காட்டிட்டு கோழியப் பாத்துட்டு நிக்கி. பூசாரி எங்கிட்ட சண்டைக்கு வந்துட்டாரு: "ஓய், அம்மனுக்கு அலங்காரம் பண்ணிருக்கேன், உங்க கோழிக்கு நான் தீவாராதனை காட்டவா?"

அவன் ஒண்ணு சொன்னானாம். "எரியுத பல்புல ஒண்ணும் இல்ல. அணையுத பல்புதான் ஆட்டம். ஒண்ணு அணைஞ்சு எடம் விட்டாத்தான் அடுத்தது அசையுத மாதிரி தெரியும்." இத எங்கிட்ட சொல்லல. கனிகிட்ட சொல்லிருக்கான், கனி எம்பொண்டாட்டிகிட்ட சொல்ல, அவ எங்கிட்ட சொன்னா. எந்தம்பி சேதி எனக்கு வீட்டச் சுத்தித்தான் வரும். எனக்கு அது விளங்கவும் இல்ல. "பல்பு அணைஞ்சா கமிட்டிக்காரன் துட்டப் பிடிச்சிருவான்டா"ன்னேன். சிரிச்சான்.

நல்லாச் சிரிப்பான். நான் எது பேசுனாலும் சிரிப்பான். அதான் எனக்கு இன்னும் பிடிபடவே மாட்டேங்கு.

போன வருசம் சித்திரை தாண்டி அவன் ஒரு மாதிரி ஆனான். சோறு குறைஞ்சிட்டு. ஆணி அடிச்சுக்கிட்டே இருப்பான், பாதியில சுத்தியல வச்சுட்டு சுவரப் பாப்பான். ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லன்னு வீட்டச் சுத்தி சேதி வந்துச்சு. நான் சும்மா இருப்பேனா? கனியோட நானும் போனேன், பாளையங்கோட்டையில டாக்டர்கிட்ட. நல்ல மனுசன். மாத்திரை எழுதிக் குடுத்தாரு. "உடம்புக்குக் காய்ச்சல் வாற மாதிரி மனசுக்கும் வரும், வெக்கப்பட ஒண்ணுமில்ல, விடாம வாங்க. இவரத் தனியா விடாதீங்க"ன்னாரு. நான் தனியா விடவே இல்ல அண்ணாச்சி! ஆணையாச் சொல்லுதேன். அவன் வேலை பாக்குத எடத்துல ஸ்டூலப் போட்டு உக்காந்து காலம்பறலருந்து பேசிக்கிட்டே இருப்பேன். அந்த டாக்டரையே பேசிக் காட்டுவேன். "ம்... மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியாவா? சாப்பாடு எப்பன்னு உங்க மதினிதான் சொல்லணும்." விழுந்து விழுந்து சிரிப்பான். "மாத்திரை கேக்குதாடா, தூக்கம் வருதா?"ன்னா, "அண்ணே..."ன்னுவான். அந்த மூஞ்சியப் பாத்ததும் எனக்குப் பொறுக்காது. உடனே வேற ஒரு குரல எடுத்து விட்ருவேன். திரும்பச் சிரிச்சிருவான். ஆளத் தொங்கவிடாமப் பாத்துக்கிட்டேன்.

மாத்திரைய பாதியில நிப்பாட்டிட்டான்னு அப்புறந்தான் தெரியும். அதுவும் சுத்தித்தான் வந்துச்சு. பிந்தி வந்துச்சு.

அப்பம்தான் உங்க ஊர்க் கொடை. நீங்க என்ன கேட்டீய? காளி சூலத்தத் தூக்கி அரக்கன் நெஞ்சுல குத்தணும், ரத்தம் சிவப்பு பல்புல வழியணும்னு கேட்டீய. இந்தா, இவருதான் கேட்டாரு, ரத்தம் நிறையன்னு கேட்டாரு. எந்தம்பியும் தலைய ஆட்டிட்டு உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டான். யாரையும் விடல. லோடு ஏத்துத அன்னைக்குக் கதவத் திறந்து, "அண்ணே..."ன்னான். போய்ப் பாக்கேன், காளியும் இல்ல, சூலமும் இல்ல, அரக்கனும் இல்ல. ஒரு ஆளு கட்டில்ல படுத்துத் தூங்குதான்.

ஆமாய்யா, தூங்குதான்! இந்தச் செவுரு நீளத்துக்குப் பலகை. அதுல ஒருச்சாய்ச்சுப் படுத்து ஒரு ஆளு. கன்னத்துக்குக் கீழ கைய வச்சு. வேற ஒண்ணுமே இல்ல. நெஞ்சு மட்டும் ஏறுது, இறங்குது. அவ்வளவுதான். லோடு ஏத்த வந்த பயலுவ எல்லாம் அசையாம நிக்கான். எனக்கு வண்டி நேரமாகுது. இவன், "அண்ணே, இது..."ன்னு வாயெடுத்தான். நான் உடனே அண்ணாச்சி குரல எடுத்து விட்டேன்: "ஏவே, கொடைக்கு வந்தவன முழிக்க வைக்கத்தான துட்டுக் குடுத்தோம், நீரு தூங்க வைக்கீரே! அரக்கன் எங்கவே? கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிருக்கானா?" குடோனே சிரிச்சிட்டு. அவனும் சிரிச்சான். எல்லாரையும் விட அவன்தான் ஜாஸ்தி சிரிச்சான். கண்ணுல தண்ணி வாற அளவுக்குச் சிரிச்சான். அப்புறம் அவனே போய் பிளக்கப் பிடுங்கிட்டு, பழைய மயில் போர்டத் தூக்கி வண்டியில ஏத்துனான். அதான் நீங்க போன கொடைக்குப் பாத்த மயிலு. ரத்தம் கேட்டவருக்கு மயிலு. பாவம்.

கொடை முடிஞ்சு வாற வழியில வண்டியில எம்பக்கத்துல உக்காந்திருந்தான். ரொம்ப நேரம் ரோட்டப் பாத்துக்கிட்டே வந்தான். திடீர்னு என் முழங்கைய பிடிச்சு, "அண்ணே... எனக்கு..."ன்னான். நான், "பசிக்குதாடா? சொல்லலாம்லா!"ன்னு வண்டிய ஓரங்கட்டச் சொல்லி, கடைக்குள்ள போகுமுன்னயே சர்வர் குரல எடுத்துட்டேன். "இட்லி வடை பொங்கல் பூரி தோசை ரோஸ்ட்டு ஊத்தப்பம், சார் ஊத்தப்பத்துல வெங்காயம் தூக்கலாப் போடவா?" நெசச் சர்வரே அசந்து நின்னுட்டான். வெயிலு சாப்பிட்டான். நல்லாச் சாப்பிட்டான், தோசைக்கு மேல தோசை. ஆளு தேறிட்டான்னு எனக்கு அவ்வளவு சந்தோசம். எம்பொண்டாட்டிக்கு அங்கனருந்தே போனப் போட்டு, "உங்கொழுந்தன் தோசைக் கடைய காலி பண்ணிட்டான்டி"ன்னேன்.

அந்த வாரத்துலயே போய்ட்டான். அவனாவே போய்ட்டான்.

எப்படின்னு கேக்காதீய. தம்பி, நீரு வாயெடுத்தீரு பாரும், கேக்காதீரும். அத மட்டும் நான் பேசமாட்டேன். யார் குரல்லயும் பேசமாட்டேன்.

அன்னைக்கு எங்க கீழத்தெருவுல மாரியம்மன் கொடை. நம்ம செட்டுதான். குழாயெல்லாம் பாடிக்கிட்டிருக்கு. சேதி வந்ததும் பயலுவ ஓடிப்போய் அணைச்சிட்டானுவ. துட்டி விழுந்துட்டுல்லா? எங்க ஊர் அப்படி அடங்கி நான் பாத்ததே இல்ல. காக்கா கத்துதது கேக்கு. யாரு வீட்லயோ பம்பு அடிக்கது கேக்கு. நான் பந்தல்ல மைக்க கையில வச்சுட்டு நிக்கேன். யாரும் எங்கிட்ட வந்து சொல்லல. குழாய் நின்னதும் நானே கேட்டுட்டேன், வழக்கமா கேக்குத கேள்விதான், "யார்டே? எந்த வீட்ல துட்டி?"ன்னு. எல்லாரும் என் மூஞ்சியவே பாக்கான்.

அதுக்கப்புறம் வந்தாவல்லா ஆளாளுக்கு! டீக்கடைக்காரரு: "கடன் கிடன் இருந்துச்சாடே?" இல்லய்யா. வாத்தியாரு வீட்டம்மா: "புருசன் பொண்டாட்டிக்குள்ள எதுவும்..." கனி காதுல விழுத மாதிரியே கேக்கா! பக்கத்து ஊருத் தலைவரு: "செய்வினையா இருக்கும்." இன்னொருத்தரு: "ரொம்ப யோசிப்பான்லா, யோசிச்சா அப்படித்தான்." எல்லாரும் ஒரு காரணத்தக் கையிலயே கொண்டாந்தாவ, மாலை கொண்டாற மாதிரி. போட்டுட்டுப் போய்ட்டாவ. எல்லாக் குரலும் எனக்குச் சுத்தமா வரும். எத்தனை வாட்டி வேணும்னாலும் பேசிக் காட்டுவேன். அவனுக்கு என்னன்னு மட்டும் எனக்குத் தெரியாது. இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா? சொல்லுங்க. பக்கத்துலயேதான இருந்தேன்? எங்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்லணும்?

சிரிச்சாம்லா, அண்ணாச்சி. சிரிச்சாம்லா.

இப்பம் பொழுது சாஞ்சா இந்தக் குடோன்ல நான்தான். வீட்டுக்குப் போனா யாரு இருக்கா? கண்டக்டரக் கூப்பிடுவேன், சாரக் கூப்பிடுவேன், ஜெனரேட்டர ஓட்டுவேன். ஒருத்தனே ஒம்பது பேராப் பேசுனாலும் ஒருத்தந்தான்யா. மைக்க ஆன் பண்ணி, சத்தத்தக் குறைச்சு வச்சுக்கிட்டு, "ஹலோ, மைக் டெஸ்டிங்"னு அவன் குரல்ல பேசிப் பாப்பேன். வராது. என் குரலா வரும். இல்லன்னா எங்கய்யா குரல் வரும், அவரு குரல நான் கேட்டே எத்தனையோ வருசம் ஆச்சு, அது வருது பாருங்க! இவன் வரமாட்டான்.

என்ன தம்பி? போன்லயா? வீடியோ இருக்கானு கேக்கீரா? நல்ல கேள்வி. படிச்சவம்லா. ஒண்ணு இருக்கு. கோழி போர்டு மொத மொதல்ல எரிஞ்சப்ப எம்மக எடுத்தது. அவன் போர்டுக்குப் பக்கத்துல நிக்கான். வாயி அசையுது. ஆனா மேல எஞ்சத்தம் கேக்கு. ஆதியிலருந்து அந்தம் வரைக்கும் எஞ்சத்தம். "பாருங்க பாருங்க, உலகத்துலயே வேலை செய்யாமத் தண்ணி குடிக்குத ஒரே கோழி!" கூட்டம் சிரிக்கி. அவன் என்ன சொன்னான்னு நானும் அந்த வாயவே திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துட்டேன். நல்லா எடுக்கத் தெரியல அவளுக்கு.

ஆங், கரண்ட் வந்துட்டு! பாத்தீயளா, மழை விடுததுக்கு முன்னால கரண்ட் வந்துட்டு. டீயும் வந்துரும். ஃபேனப் போடு...

ஏ, அது என்ன எரியுது?

கனி, ஏ கனி, இத எதுக்கு எடுத்து மாட்டி வச்சிருக்க? இது சாக்கு மூட்டைக்குப் பின்னாலலா கிடந்துச்சு? பாருங்க அண்ணாச்சி, நான் சொன்னேம்லா, இதான். தூங்குத ஆளு. கரண்ட் போகுததுக்கு முன்னாடி இதப் போட்டு வச்சிருந்திருக்கு போல. பல்பு பூராம் புதுசால்லா இருக்கு? ஒரு பல்பு கூடச் செத்துப் போகல. நான் அந்தப் பக்கமே போறதில்ல... தினமும் போடுதியா கனி? நான் இல்லாத நேரம் பாத்துப் போடுதியாக்கும்.

...

என்ன, யாரும் பேச மாட்டேங்கீய?

அண்ணாச்சி? என்ன அப்படிப் பாக்கீய? ரத்தம் கேட்டவரே, உமக்குப் பிடிச்சிருக்கா? எதையாவது சொல்லுங்கய்யா, எனக்குத் தொண்டை அரிக்கி.

நல்லாத்தான் இருக்கு, என்ன? நெஞ்சு ஏறுதப்ப தோளும் கொஞ்சம் ஏறுது. நான் அன்னைக்குக் கவனிக்கல. இறங்கி, கொஞ்ச நேரம் அப்படியே இருட்டா நிக்கி. அடுத்து வருமோ வராதோன்னு நமக்கு மூச்சு முட்டுது. வந்துருது. திரும்ப வந்துருது. தூக்கமே இல்லாத பய, தூக்கத்த எங்க போய்ப் பாத்தான்? யாரு தூங்குததப் பாத்திருப்பான்? ஒருச்சாய்ச்சு... கன்னத்துக்குக் கீழ கைய வச்சு... நானும் அப்படித்தான் படுப்பேன். எல்லாரும் அப்படித்தான படுப்பாவ.

என்ன அண்ணாச்சி? இதையா? கொடைக்கு இதையா? நெசமாவா? காளிக்குப் பக்கத்துல தூங்குத ஆளையா? சரி. சரி, உங்க ஊரு, உங்க அம்மன். கொண்டாறேன். தூங்கட்டும்.

ஆனா குரலு... திரும்பவும் அதையே கேக்கீயளே. சொன்னேம்லா. சரி, இப்பம் பேசிக் காட்டுதேன், எவ்வளவுக்கு வருதுன்னு நீங்களே கேட்டுக்கிடுங்க. அப்புறம் என்னைய கேக்கப்பிடாது. எல்லாரும் சும்மா இருங்க. கண்ண மூடிக்கிடுதேன்.

"அண்ணே..."

ம். இது வருது. இது அச்சா அவன்தான். கேட்டீயளா? அந்த "ணே"ல ஒரு சின்ன இழுப்பு, அதுக்கப்புறம் ஒரு மூச்சு. அவன்தான் அது. இன்னொரு வாட்டி.

"அண்ணே..."

அவ்வளவுதான். இதுக்கு மேல ஒரு வார்த்தை வராது. நின்னுருது. முடிக்குத எடம் பிடிபட மாட்டேங்கு. இத்தனை வருசம் கூடவே கிடந்தேன், ஒரே தட்டுல தின்னோம், ஊர்ல எவன் எப்படி முடிப்பான்னு எனக்குத் தெரியும், எங்கூடப் பிறந்தவன் எப்படி முடிப்பான்னு தெரியல. எங்கயோ தப்பு பண்ணுதேன். எந்த எடத்துல தப்பு பண்ணுதேன்னு சொல்ல ஒரு ஆளு இல்ல.

என்ன கனி?

இருங்க, இருங்க, எல்லாரும் சும்மா இருங்க. எந்தம்பி பொண்டாட்டி எந்திரிச்சு நிக்கி. என்னையப் பாத்து நிக்கி. என்னம்மா? எம்முன்னால வாயத் திறந்ததே இல்லையே நீ. பரவால்ல, வழக்கத்த விடு, சொல்லு. எங்க தப்பு?

"தப்பே இல்ல அத்தான். அவிய சத்தம் அப்படியேதான் வருது. உங்ககிட்ட அவிய அவ்வளவுதான் பேசிருக்காவ. மிச்சத்தப் பூராம் நீங்கள்லா பேசினீய."